சொந்தமாகக் காயில் கட்டிய பிரஷ்லெஸ் மோட்டாருக்கு டிரைவர் சர்க்யூட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி புராஜெக்ட் செய்பவர்களும் சிறு பட்டறை வைத்திருப்பவர்களும் தாங்களே காயில் கட்டிய மோட்டாரோடு வந்து கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணக்குகள் எல்லாம் ஒரே மோட்டாருக்கானவை: 12 பல் ஸ்டேட்டர் (காயில் கட்டிய, சுற்றாத இரும்பு), வெளியே சுற்றும் ரோட்டரில் 14 காந்தங்கள், ஸ்டார் இணைப்பு (மூன்று காயில் தொகுதிகளின் ஒரு முனை ஒன்றாகச் சேர்ந்தது), 24 வோல்ட் பேட்டரி, தொடர்ந்து 10 ஆம்பியர். உங்கள் மோட்டார் வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள், வழி அதேதான்.

சாதா டிசி மோட்டார் ரெண்டு வயர் கொடுத்தா சுத்துது. இதுக்கு மட்டும் எதுக்கு டிரைவர்?

சாதா மோட்டாரில் காயில் சுற்றுகிறது, காந்தம் நிற்கிறது. எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் போக வேண்டும் என்பதைக் கார்பன் பிரஷும் கம்யூட்டேட்டரும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. பிரஷ்லெஸ் மோட்டாரில் காந்தம் சுற்றுகிறது, காயில் நிற்கிறது. பிரஷ் இல்லாததால் அந்த மாற்றும் வேலையை ஆறு மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு ஸ்விட்சுகள்) செய்ய வேண்டும். ஒரு பேஸுக்கு (மூன்று காயில் தொகுதிகளில் ஒன்றுக்கு) மேலே, அதாவது பிளஸ் பக்கம் ஒன்று, கீழே, அதாவது மைனஸ் பக்கம் ஒன்று.

எளிய முறையில் எந்த நேரத்திலும் ஒரு பேஸ் பேட்டரியின் பிளஸ்ஸிலும், ஒரு பேஸ் மைனஸிலும், மூன்றாவது எதிலும் சேராமலும் இருக்கும். இந்த ஜோடி ஆறு விதமாக மாறி வந்தால் ஒரு எலக்ட்ரிகல் சுற்று முடிகிறது. 14 காந்தம் என்றால் 7 ஜோடி, ஆகவே ரோட்டர் ஒரு முறை சுற்ற 42 மாற்றங்கள் தேவை.

கடையில 30 ஆம்பியர் இ.எஸ்.சி. கிடைக்குதே, அதையே போட்டா போதாதா?

ப்ரொப்பெல்லர் சுற்றப் போகிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். அந்த வகை இ.எஸ்.சி. (ரெடிமேட் மோட்டார் டிரைவர்) அதற்காகவே செய்யப்பட்டது. ப்ரொப்பெல்லர் கிளம்பும்போது காற்று அதிகம் எதிர்ப்பதில்லை, வேகம் கூடக் கூடத்தான் சுமை ஏறும். சைக்கிள், தள்ளுவண்டி, பம்ப், கன்வேயர் போன்றவை கிளம்பும்போதே சுமையோடு இருப்பவை. அங்கே சென்சார் இல்லாத இ.எஸ்.சி. மோட்டாரை உதறவைக்கும், சில சமயம் மாஸ்ஃபெட் போய்விடும். எத்தனை ஆம்பியரில் நிறுத்துவது, எப்படி பிரேக் பிடிப்பது என்பதும் அதில் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்காது.

டிசைன் ஆரம்பிக்கும் முன்னாடி மோட்டார்ல என்னென்ன அளக்கணும்? என்கிட்ட மல்டிமீட்டர் மட்டும்தான் இருக்கு.

இந்தப் பக்கத்தில் எனக்கு மிக முக்கியமான கேள்வி இதுதான். வாங்கிய மோட்டாருக்கு டேட்டாஷீட் இருக்கும். நீங்களே கட்டிய மோட்டாருக்கு டேட்டாஷீட் எழுத வேண்டியவர் நீங்கள்தான். அதை எழுதாமல் மாஸ்ஃபெட் வாங்கக் கிளம்புவதால்தான் பாதிப் போர்டுகள் எரிகின்றன.

முதலில் ரெசிஸ்டன்ஸ். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சில் 0.2 ஓமை நம்ப முடியாது, புரோபின் வயரே அவ்வளவு காட்டும். ஒரு பவர் சப்ளையில் கரண்ட் லிமிட்டை 2 ஆம்பியரில் வைத்து இரண்டு பேஸ் வயர்கள் வழியே அனுப்புங்கள். மல்டிமீட்டர் புரோபை வயரின் நுனியில் இல்லாமல் மோட்டாரை ஒட்டி வைத்து வோல்டேஜ் பாருங்கள். நம் மோட்டாரில் 0.36 வோல்ட் வந்தது, ஆக 0.18 ஓம். மூன்று ஜோடிகளிலும் இதே எண் வர வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் சுற்று எண்ணிக்கை தவறியிருக்கும், அல்லது எனாமல் உரிந்து சுற்றுகள் தமக்குள் ஷார்ட் ஆகியிருக்கும். அப்புறம் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்துக் காயிலுக்கும் ஸ்டேட்டர் இரும்புக்கும் இடையே பாருங்கள். கையால் கட்டும்போது பல்லின் விளிம்பில் எனாமல் கீறுவது மிகச் சாதாரணம்.

அடுத்தது கே.வி. எண், அதாவது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்.பி.எம். டிரில் மிஷினில் ஷாஃப்டை மாட்டிச் சுற்றி, இரண்டு பேஸுக்கு நடுவே ஏ.சி. வோல்டேஜை அளங்கள். 900 ஆர்.பி.எம்.மில் 4.24 வோல்ட் வந்தால், 1.414 ஆல் பெருக்க உச்சம் 6 வோல்ட், ஆக கே.வி. 150. மூன்று ஜோடிகளும் சமமாக வருகின்றனவா என்பதையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 9.55ஐ 150 ஆல் வகுத்தால் ஒரு ஆம்பியருக்கு 0.064 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). நம் 10 ஆம்பியருக்கு 0.64. உங்கள் வேலைக்கு அது போதவில்லை என்றால் டிரைவரைப் பெரிதாக்கிப் பயனில்லை, காயிலைத் திரும்பக் கட்ட வேண்டும்.

மூன்றாவது இண்டக்டன்ஸ். இதற்கு எல்.சி.ஆர். மீட்டர் வேண்டும், கல்லூரி லேபில் இருக்கும். ரோட்டரை மெல்லத் திருப்பிக்கொண்டே 1 கிலோ ஹெர்ட்ஸில் பார்த்து, வரும் எண்களில் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மோட்டாரில் 120 மைக்ரோ ஹென்றி.

ஸ்டாரா, டெல்டாவா? டிரைவருக்கு இதுல வித்தியாசம் உண்டா?

டிரைவர் பார்ப்பது மூன்று வயர்களை மட்டுமே, சர்க்யூட் மாறாது. எண்கள்தான் மாறும். அதே காயிலை ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு (காயில்களை முக்கோணமாக இணைப்பது) மாற்றினால் கே.வி. 1.73 மடங்கு ஏறும், வயருக்கு வயர் ரெசிஸ்டன்ஸ் மூன்றில் ஒரு பங்காகும். அதே டார்க்குக்கு டிரைவர் 1.73 மடங்கு கரண்ட் தர வேண்டியிருக்கும். முதல் டிரைவருக்கு ஸ்டாரே நல்லது.

மாஸ்ஃபெட் எந்த நம்பர் வாங்கலாம்? ஆம்பியர் எவ்வளவு பார்க்கணும்?

ஆம்பியரை விட வோல்டேஜை முதலில் பாருங்கள். 24 வோல்ட் என்று பெயர் இருந்தாலும் 7 செல் லித்தியம் பேக் முழு சார்ஜில் 29.4 வோல்ட். அதற்கு மேல் ஸ்விட்சிங் துள்ளலும் பிரேக்கில் திரும்பி வரும் வோல்டேஜும் சேரும். ஆகவே 55 அல்லது 60 வோல்ட் பாகம். டேட்டாஷீட் முதல் பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் ஆம்பியர், உடம்பை 25 டிகிரியில் பிடித்து வைத்தால் கிடைப்பது. உங்கள் பெட்டிக்குள் அது கிடைக்காது.

கணக்கு இப்படிப் போகும். ஐ.ஆர்.எஃப்.இசட். 44 என் எடுத்தால் ஆன் ரெசிஸ்டன்ஸ் 17.5 மில்லி ஓம். 10 ஆம்பியரில் 1.75 வாட், சூடேறியபின் ரெசிஸ்டன்ஸ் ஏறுவதால் 2.6 வாட் என்று வையுங்கள். மோட்டார் சுற்றும்போது இந்தச் சூட்டை ஆறு பேரும் மாறி மாறிப் பங்கிட்டுக்கொள்வார்கள். மோட்டார் தடைபட்டு நின்றுவிட்டால் ஒரே ஜோடி முழுதும் சுமக்கும், அதற்குத்தான் ஹீட் சிங்க் கணக்குப் போட வேண்டும். ஹீட் சிங்க் இல்லாத டி.ஓ. 220 உடம்பு ஒரு வாட்டுக்கே சுமார் 60 டிகிரி ஏறும்.

கடையில் வாங்கியதும் ஒன்றையாவது சோதியுங்கள். கேட்டுக்கு (திறந்து மூடும் கால்) 10 வோல்ட், டிரெய்ன் (கரண்ட் உள்ளே போகும் கால்) வழியே 2 ஆம்பியர். டிரெய்னுக்கும் சோர்ஸுக்கும் (கரண்ட் வெளியே வரும் கால்) இடையே 35 மில்லி வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அதைப்போல மூன்று மடங்கு காட்டிய பாகங்களை நானே வாங்கி ஏமாந்திருக்கிறேன். மேலே அச்சிட்ட நம்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

ஆர்டுயினோ பின்னை நேரா கேட்டுல கொடுத்தா எல்.இ.டி. மாதிரி வேலை செய்யாதா?

ஆன் ஆவது போலத் தெரியும், ஆனால் இரண்டு காரணங்களால் எரியும். ஒன்று, 44 என்னுக்கு 2 முதல் 4 வோல்ட் திரெஷோல்ட் என்று போட்டிருப்பது 250 மைக்ரோ ஆம்பியர் ஓட ஆரம்பிக்கும் புள்ளி. முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும்.

இரண்டாவது, கேட் என்பது ஒரு கெபாசிட்டர். 44 என்னில் 63 நானோ கூலம் வரை நிரப்ப வேண்டும். பின் தரும் 20 மில்லி ஆம்பியரில் அதற்கு 3 மைக்ரோ வினாடி ஆகும். திறக்கும்போது 3, மூடும்போது 3. அந்த நேரம் முழுவதும் மாஸ்ஃபெட் பாதி திறந்த குழாய். 24 வோல்ட், 10 ஆம்பியர், 20 கிலோ ஹெர்ட்ஸில் இதனால் மட்டும் 14 வாட் போகிறது. 1 ஆம்பியர் தரும் கேட் டிரைவர் போட்டால் நிரம்ப 63 நானோ வினாடிதான். ஆகவே கேட் டிரைவர் ஐ.சி. கட்டாயம். பேஸுக்கு ஒன்றாக ஐ.ஆர். 2110 போடலாம், அல்லது மூன்று பேஸும் ஒரே ஐ.சி.யில் வரும் டி.ஆர்.வி. 8302, 8323 போன்றவை. கையால் சால்டர் செய்பவர்களுக்கு முதல் வழி எளிது.

மேல் மாஸ்ஃபெட் கொஞ்ச நேரம் ஓடி தானா ஆஃப் ஆகுது. ஐ.சி. போச்சா?

ஐ.சி. போகவில்லை, பூட்ஸ்ட்ராப் கெபாசிட்டர் காலியாகிறது. மேல் மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் தரையில் இல்லை, பேஸ் வயரோடு சேர்ந்து 24 வோல்ட்டுக்கு ஏறுகிறது. அதன் கேட் அதையும் தாண்டி 34க்கு மேல் போக வேண்டும். அந்த உபரி வோல்டேஜைச் சேமித்து வைப்பது இந்தச் சின்னக் கெபாசிட்டர். கீழ் மாஸ்ஃபெட் திறந்து பேஸ் வயர் தரைக்கு வரும்போதுதான் அது நிரம்பும். 100 சதவீத டியூட்டியில் (மேல் மாஸ்ஃபெட் இடைவிடாமல் திறந்திருக்கும்போது) நிரம்ப நேரமே கிடைக்காது. டியூட்டியை 95 சதவீதத்தில் நிறுத்துங்கள்.

மதிப்பு: 63 நானோ கூலத்தை எடுத்தும் அரை வோல்ட்டுக்கு மேல் இறங்கக்கூடாது என்றால் 0.126 மைக்ரோ ஃபாரட். நான் 1 மைக்ரோ ஃபாரட் செராமிக் போடுவேன். டையோடு வேகமானதாக இருக்கட்டும், யு.எஃப். 4007 போதும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் 1 என் 4007 இதற்கு ஆகாது. அது மூடுவதற்கு எடுக்கும் நேரத்தில் கெபாசிட்டரிலிருந்து சார்ஜ் திரும்ப ஓடிவிடும்.

டெட் டைம் எவ்வளவு வைக்கணும்? ப்ரோகிராம்ல டிலே போட்டா போதுமா?

ஒரே பேஸின் மேல், கீழ் இரண்டும் ஒரு கணம் சேர்ந்து திறந்தாலும் பேட்டரி நேரடி ஷார்ட். அதைத் தவிர்க்க இரண்டும் மூடியிருக்கும் இடைவெளிதான் டெட் டைம். கேட் டிரைவரோடு 44 என்னுக்கு 1 மைக்ரோ வினாடியில் ஆரம்பித்து, ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப்) இரண்டு கேட்டையும் பார்த்து 500 நானோ வினாடி வரை குறைக்கலாம். அதற்குக் கீழே போய் இந்த அளவு மோட்டாரில் ஒரு லாபமும் இல்லை.

ப்ரோகிராமில் டிலே போடாதீர்கள். நடுவே ஒரு இன்டரப்ட் வந்தால் கணக்கு கெடும். எஸ்.டி.எம். 32 எஃப் 103இன் முதல் டைமரும், இ.எஸ்.பி. 32இன் மோட்டார் பி.டபிள்யூ.எம். (வேகமாக ஆன், ஆஃப் செய்து, ஆன் நேர விகிதத்தால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் முறை) பகுதியும் டெட் டைமை ஹார்டுவேரிலேயே தரும். ஆர்டுயினோ ஊனோவில் அது இல்லை. அதை வைத்தே செய்தாக வேண்டும் என்றால் ஐ.ஆர். 2104 போடுங்கள், சுமார் 520 நானோ வினாடி டெட் டைம் அதற்குள்ளேயே இருக்கிறது. கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே 10 கிலோ ஓம் ஒன்றைத் தவறாமல் வையுங்கள். கண்ட்ரோலர் ரீசெட் ஆகும் அந்தக் கணத்தில் கேட் அந்தரத்தில் தொங்கக்கூடாது.

பேட்டரியே இருக்கே, அப்புறம் எதுக்கு பெரிய கெபாசிட்டர்?

பேட்டரி வயருக்கு இண்டக்டன்ஸ் உண்டு, ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 1 மைக்ரோ ஹென்றி. அதில் ஓடும் 10 ஆம்பியரை 100 நானோ வினாடியில் வெட்டினால் 100 வோல்ட் துள்ளும். 55 வோல்ட் மாஸ்ஃபெட் அதைத் தாங்காது. கெபாசிட்டர் பக்கத்தில் இருந்தால் கரண்ட் அதற்குள் போய் அடங்கும்.

470 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட், லோ இ.எஸ்.ஆர். (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த) வகை இரண்டு, அதோடு ஒவ்வொரு பேஸின் மாஸ்ஃபெட் ஜோடியை ஒட்டி 1 மைக்ரோ ஃபாரட் 100 வோல்ட் செராமிக் ஒன்று. ஒட்டி என்றால் உண்மையிலேயே ஒட்டி, ஒரு சென்டிமீட்டருக்குள். ப்ரெட்போர்டில் பவர் பகுதியைக் கட்டவே கூடாது. சாதா 1 அவுன்ஸ் செம்புப் போர்டில் 10 ஆம்பியருக்கு 7 மில்லி மீட்டர் அகலப் பட்டை வேண்டும், மேலே ஈயம் ஏற்றினால் இன்னும் நல்லது.

பி.டபிள்யூ.எம். எத்தனை கிலோ ஹெர்ட்ஸ்?

20. அதற்குக் கீழே காதில் விழும், மேலே போனால் ஸ்விட்சிங் சூடு ஏறும். அளந்து வைத்த 120 மைக்ரோ ஹென்றியில் 20 கிலோ ஹெர்ட்ஸுக்குக் கரண்ட் ஏற்ற இறக்கம் அதிகபட்சம் 2.5 ஆம்பியர் வரும், 10 ஆம்பியர் மோட்டாருக்கு அது சரி. சில சுற்றுகள் மட்டுமே கட்டிய, 20 மைக்ரோ ஹென்றி உள்ள மோட்டார் என்றால் இதுவே 15 ஆம்பியர் ஆகிவிடும். அப்போது 40, 50 கிலோ ஹெர்ட்ஸ் வரை போயாக வேண்டும்.

ஹால் சென்சார் வைக்கணுமா? சென்சார் இல்லாமலே ஓட்டலாம்னு சொல்றாங்களே.

ஓட்டலாம். சும்மா இருக்கும் மூன்றாவது பேஸில் வரும் பேக் இ.எம்.எஃப். (காந்தம் சுற்றுவதால் காயிலில் உண்டாகும் வோல்டேஜ்) நடுப்புள்ளியைக் கடப்பதைப் பார்த்து, அதற்குப் பிறகு 30 எலக்ட்ரிகல் டிகிரி தாண்டியதும் மாற்ற வேண்டும். ஆனால் நிற்கும் மோட்டாரில் பேக் இ.எம்.எஃப். கிடையாது. குருட்டுத்தனமாகச் சுற்றிக் கிளப்பித்தான் பிடிக்க முடியும். ஃபேனுக்குச் சரி, சுமையோடு கிளம்பும் எதற்கும் ஹால் (காந்தத்தை உணரும் சென்சார்) வையுங்கள்.

வாங்கும்போது லேட்ச் வகையாகப் பார்த்து வாங்குங்கள், யு.எஸ். 1881 போல. எங்கும் கிடைக்கும் ஏ 3144 ஒரே துருவத்துக்கு மட்டும் ஆன் ஆகும் வகை. அதில் ஆன் நேரமும் ஆஃப் நேரமும் சமமாக வராது, மோட்டார் கரகரக்கும். அவுட்புட் ஓப்பன் கலெக்டர் போன்றது என்பதால் 4.7 கிலோ ஓம் புல் அப் வேண்டும்.

இடம்: நம் 12 பல், 14 காந்த மோட்டாரில் நான்கு பல் விட்டு நான்கு பல், அதாவது 120 மெக்கானிகல் டிகிரிக்கு ஒன்றாக வைத்தால் போதும். 120ஐ 7 ஆல் பெருக்க 840, அதில் இரண்டு முழுச்சுற்று 720 போக மிச்சம் 120 எலக்ட்ரிகல் டிகிரி. அழகாக உட்கார்ந்துவிடும். மூன்றையும் சற்றுத் திருப்பக்கூடிய ஒரே தட்டில் பொருத்துங்கள். 8.6 மெக்கானிகல் டிகிரி நகர்ந்தாலே ஒரு முழு ஸ்டெப் தவறும்.

மூணு பேஸ் வயர், மூணு ஹால் வயர். எது எதோட சேரும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஹால் வயர்களைத் தொடாதீர்கள். பேஸ் வயர்களை மட்டும் மாற்றினால் ஆறே வகைதான். ஒவ்வொன்றையும் 12 வோல்ட்டில், குறைந்த டியூட்டியில், சுமையில்லாமல் ஓட்டிக் கரண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். சில வகைகள் உறுமும், சில கரண்டை அதிகம் இழுத்துக்கொண்டு சுற்றும். சுற்றிவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடுபவர்கள் அதிகம், பிறகு மோட்டார் சூடாகிறது என்று வருவார்கள். சரியான வகையில் கரண்ட் மிகக் குறைவாக இருக்கும், முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். இரு திசைக்கும் வித்தியாசம் வந்தால் மேலே சொன்ன தட்டைக் கொஞ்சம் திருப்புங்கள்.

ஹால் மூன்றும் 000 அல்லது 111 காட்டினால், 120 டிகிரி அமைப்பில் அது பிழை, எல்லா மாஸ்ஃபெட்டையும் மூடுங்கள். நடு சென்சார் தலைகீழாக ஒட்டப்பட்டிருந்தாலும் இது வரும்.

கரண்ட் சென்சிங் அவசியமா? ஃபியூஸ் போட்டா போதாதா?

ஃபியூஸ் உருகுவதற்குள் மாஸ்ஃபெட் உருகிவிடும். நிற்கும் மோட்டாருக்கு முழு வோல்டேஜ் கொடுத்தால் 24ஐ 0.18 ஆல் வகுக்க 133 ஆம்பியர். நல்ல செய்தி என்னவென்றால், காயிலின் இண்டக்டன்ஸ் அதை மைக்ரோ வினாடிக்கு 0.2 ஆம்பியர் வீதம்தான் ஏற விடும். 25 ஆம்பியரைத் தொட 125 மைக்ரோ வினாடி ஆகும், ஒவ்வொரு பி.டபிள்யூ.எம். சுற்றிலும் கரண்டைப் படிக்கும் ப்ரோகிராம் இதைப் பிடித்துவிடும். பேஸ் வயர் ஷார்ட், ஷூட் த்ரூ (ஒரே பேஸின் மேல், கீழ் இரண்டும் சேர்ந்து திறப்பது) ஆகியவை அப்படி இல்லை, அங்கே தடுக்கக் காயிலே கிடையாது. அதற்குக் கம்பேரேட்டர் வைத்து, டைமரின் பிரேக் பின்னுக்கு (அவுட்புட்டுகளை உடனே அணைக்கும் பின்) நேராகக் கொடுக்க வேண்டும்.

மைனஸ் பாதையில் 5 மில்லி ஓம் ஷண்ட் (கரண்டை அளக்கும் சிறு ரெசிஸ்டர்) போதும். 10 ஆம்பியரில் 50 மில்லி வோல்ட், அரை வாட் சூடு. சென்ஸ் வயர் இரண்டையும் ஷண்டின் காலிலிருந்தே எடுங்கள், பட்டையின் நடுவிலிருந்து எடுத்தால் செம்பின் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேர்ந்துவிடும்.

போர்டு ரெடி. முதல் தடவை எப்படி பவர் கொடுக்கிறது?

மோட்டாரும் பவரும் இல்லாமல், கேட் டிரைவருக்கு மட்டும் 12 வோல்ட் கொடுத்து, கீழ்க் கேட்டுகள் மூன்றும் ஒழுங்காக அடிக்கின்றனவா பாருங்கள். பிறகு பவர் பக்கத்துக்கு 24 வோல்ட், 21 வாட் லாரி இண்டிகேட்டர் பல்பை சீரியஸில் போடுங்கள். காயில் கட்டும் பட்டறைகளில் சீரியஸ் லேம்ப் வைப்பது பழைய பழக்கம், இங்கும் அதே தத்துவம். என்ன தவறு இருந்தாலும் ஓர் ஆம்பியர் அளவில் நின்றுவிடும், பல்பு பளிச்சென்று எரிந்து சொல்லிவிடும். பல்பு அணைந்தே இருந்தால் மோட்டாரை மாட்டுங்கள். பல்பை எடுக்கும் முன் ஆறு மாஸ்ஃபெட்டையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

நல்லா ஓடிட்டு இருந்துச்சு. வேகத்தைச் சட்டுன்னு குறைச்சேன், எல்லாம் போச்சு. ஏன்?

பவர் சப்ளையில் ஓட்டினீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். மேலும் கீழும் மாறி மாறித் திறக்கும் முறையில் டியூட்டியைச் சட்டென்று குறைத்தால், சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டர் ஆகும். காயிலும் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து வோல்டேஜை உயர்த்தும் பூஸ்ட் சர்க்யூட் ஆகிவிடும். பேட்டரி அந்தக் கரண்டை வாங்கிக்கொள்ளும். மேசைப் பவர் சப்ளையால் பெரும்பாலும் வாங்க முடியாது, எல்லாம் கெபாசிட்டரில் ஏறி 60 வோல்ட்டைத் தாண்டும்.

டியூட்டியை மெதுவாக இறக்குவது முதல் மருந்து. வோல்டேஜை அளந்து 35ஐத் தாண்டினால் ஒரு ரெசிஸ்டரை இணைக்கும் பிரேக் மாஸ்ஃபெட் இரண்டாவது. பேட்டரியில் ஓட்டினாலும், பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) நடுவில் துண்டித்தால் இதே நிலைதான்.

ஸ்கோப்புல மேல் கேட்டைப் பார்க்கலாம்னு கிளிப் மாட்டினதும் பொறி பறந்துச்சு. ஸ்கோப்பு தப்பா?

ஸ்கோப்பின் தரைக் கிளிப் மின் இணைப்பின் எர்த்தோடு சேர்ந்தது. உங்கள் லேப்டாப் சார்ஜர் வழியாக போர்டின் மைனஸும் எர்த்துக்குப் போயிருக்கும். கிளிப்பைப் பேஸ் வயரில் மாட்டியதும் மேல் மாஸ்ஃபெட் வழியே பேட்டரி ஷார்ட். இரண்டு புரோபுகளின் கிளிப்பையும் மைனஸிலேயே வைத்து, ஒன்றைக் கேட்டிலும் ஒன்றைப் பேஸிலும் தொட்டு, ஸ்கோப்பில் கழித்தலைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து எடுத்துவிடுவதும் நல்ல பழக்கம்.

எஃப்.ஓ.சி. பண்ணா சத்தமே வராதாம். ஆரம்பத்திலேயே அதுக்குப் போயிடவா?

எஃப்.ஓ.சி. என்பது பேஸ் கரண்டுகளை அளந்து, ஆறு ஸ்டெப்பாக இல்லாமல் தொடர்ச்சியாக மாற்றும் முறை. போர்டைப் பொறுத்தவரை கூடுதலாகத் தேவைப்படுவது குறைந்தது இரண்டு பேஸின் கரண்டைத் தனித்தனியே அளப்பது. ஆகவே டிசைனிலேயே மூன்று ஷண்டுக்கும் இடம் விடுங்கள், ப்ரோகிராமை முதலில் ஆறு ஸ்டெப்பில் ஓட்டுங்கள். அதில் ஓடிய போர்டு என்றால் கேட், டெட் டைம், கெபாசிட்டர் எல்லாம் சரி என்று அர்த்தம். அதன்பின் எஃப்.ஓ.சி.யில் வரும் தகராறு ப்ரோகிராமிலோ அளவீட்டிலோதான் இருக்கும், தேடுவது எளிது. சிம்பிள் எஃப்.ஓ.சி. லைப்ரரியும், பெஞ்சமின் வெட்டரின் வி.இ.எஸ்.சி.யும் திறந்த மூலத்தில் கிடைக்கின்றன. பின்னதன் சர்க்யூட் படத்தைப் பொறுமையாக உட்கார்ந்து படித்தால், இங்கே சொன்ன ஒவ்வொரு பாகமும் எங்கே, ஏன் இருக்கிறது என்று தெரியும்.

இதே சர்க்யூட்டை 230 வோல்ட்டுக்கு மாத்தி பம்ப் மோட்டார் ஓட்டலாமா?

24 வோல்ட் போர்டை அப்படியே மாற்ற முடியாது. 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் 325 வோல்ட் டிசி. மாஸ்ஃபெட் 600 வோல்ட் வகை, பட்டைகளுக்கு நடுவே இடைவெளி, கண்ட்ரோலருக்கும் பவருக்கும் இடையே ஐசொலேஷன், எல்லாமே வேறு டிசைன். முன்பு ஒரு கேள்வியில் சொன்ன ஸ்கோப் கிளிப் தவறு இங்கே நடந்தால் போவது போர்டு மட்டுமாக இருக்காது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் 325 வோல்ட் நிற்கும், அதைக் காலி செய்யும் ரெசிஸ்டர் இல்லாத போர்டைக் கையால் தொடவே கூடாது. இதில் அனுபவமுள்ள ஒருவர் அருகில் இல்லாமல் இதை ஆரம்பிக்காதீர்கள். தண்ணீர் கொஞ்சமாக இறைத்தால் போதும் என்றால் 48 வோல்ட்டுக்கு காயிலைக் கட்டி, 100 வோல்ட் மாஸ்ஃபெட் போட்டு, இங்கே உள்ள கணக்கையே திரும்பப் போடுங்கள்.